முகநூல் பதிவுக்கு அடிக்குறிப்பு போடலாமா?

கேள்வி: புறநானூற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 192ஆம் பாட்டுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முகநூலில் எழுதிய விளக்கம் என் இயலுக்கு அப்படியே பொருந்துகிறது. நெறியாளரோ, "வலைப்பூ, முகநூல் எல்லாம் துணைநூல் பட்டியலில் வரக்கூடாது" என்கிறார். பெயர் சொல்லாமல் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: கூடாதும்மா. அடுத்தவர் எழுத்தையோ கருத்தையோ தனதாகக் காட்டுவதே கருத்துத் திருட்டு என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள். அச்சில் வந்ததா, முகநூலில் வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., ஏடு கொடுத்து உதவியவர்களைக்கூடப் பெயர் சொல்லித்தான் குறித்தார்.

நெறியாளரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இதே 192ஐப் பாருங்கள். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற முதலடியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். கணியன் பூங்குன்றனார் அதோடு நிற்கவில்லை. தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை, ஆற்று நீரோடு போகும் புணை போல உயிரும் முறைவழிப் போகும் என்று சொல்லிக்கொண்டே போய், 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிக்கிறார். ஒற்றை வரியாகவே பார்த்துப் பழகி, முழுப்பாட்டுமே உலக ஒற்றுமை முழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பு ஆய்வேடுகளிலும் ஏறிவிட்டதுதான் எனக்குக் கவலை.

அதனால் முதலில் உரைகளைப் புரட்டுங்கள். பழைய உரை 266ஆம் பாட்டு வரை கிடைக்கிறது, உங்கள் பாட்டு அதற்குள் வந்துவிடுகிறது. அப்புறம் ஔவை துரைசாமிப் பிள்ளை உரை. புதுசு என்று இணையத்தில் கைதட்டு வாங்கும் விஷயம் பல சமயம் இங்கேதான் கிடக்கும். கிடைத்தால் உரையை மேற்கோள் காட்டி, அங்கே வழிகாட்டியவர் இன்னார் என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கருத்து அவருடையது, பெயரும் அவருக்கே.

பதிவைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுதியவர் நாளைக்கே திருத்தலாம், அழிக்கலாம். எம்.எல்.ஏ. நடைக் கையேட்டில் (சட்டமன்றக்காரர்கள் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) சமூக ஊடகப் பதிவை மேற்கோள் காட்ட முறையே இருக்கிறது. நெறியாளரிடம் காட்டுங்கள்.

அவர் அப்படியும் மசியவில்லையா? சரி, அந்த ஆசிரியருக்கே எழுதி, விளக்கத்தை மின்னஞ்சலாக விரிவாக வாங்குங்கள். 'ஆய்வாளருக்கு எழுதிய கடிதம்' என்று தேதியோடு குறிப்பிடலாம். கையோடு, ஏதாவது ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையாகவும் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்குள் அது வெளிவந்துவிட்டால், அச்சில் வேண்டும் என்கிற உங்கள் நெறியாளருக்கும் ஆட்சேபணை இருக்காது.