பாக்கி வேறு, டிசி வேறு

கேள்வி: என் மகனும் மகளும் ஒரே மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. மகளுக்கு இந்த ஆண்டு 18,500 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் ரசீது கொடுத்தார்கள். அதற்கு மேல் ‘ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி’ என்று 14,000 கேட்டார்கள். அதில் 9,000 கட்டினோம். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். மீதி 5,000 கட்டினால்தான் டிசி என்கிறார்கள். மகனுக்கு டிசம்பரிலிருந்தே பத்தாம் வகுப்புப் பாடம் நடக்கிறது. இரண்டு பேரையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். என்ன செய்வது?
- ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளை மாற்றுங்கள். மகனை மாற்றாதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் பண விஷயத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. 2009-ல் வந்த கட்டண முறைப்படுத்தும் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. பேச்சுவழக்கில் ‘ஃபீஸ் கமிட்டி’. பள்ளி எந்த ஊரில் இருக்கிறது, கட்டட வசதி எப்படி, சம்பளம், பராமரிப்புக்கு எவ்வளவு ஆகிறது, வளர்ச்சிக்கு நியாயமான உபரி எவ்வளவு விடலாம் என்றெல்லாம் பார்த்து, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து அந்தக் குழு ஓர் ஆணை போடும். சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ‘எங்களுக்கு டெல்லி போர்டு, கமிட்டி எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ஆணையில் வகுப்புவாரியாக ஓர் அட்டவணை இருக்கும். எல்கேஜியில் தொடங்கி ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே, ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் எவ்வளவு என்று தொகை போட்டிருக்கும். உங்களுக்கு அதில் ஆறாம் வகுப்புக்கு நேரே, இந்த ஆண்டுக்கான கட்டத்தில் இருக்கும் எண் மட்டும் போதும். அது கையில் இல்லாமல் தாளாளர் அறைக்குள் போகாதீர்கள். போனால் ‘மற்ற பெற்றோரெல்லாம் கட்டிவிட்டார்களே சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆணையை எப்படி வாங்குவது? அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும், முதலில் அங்கே பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் கேளுங்கள். 2022-ல் துறையைச் சீரமைத்தபோது தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக உருவாக்கிய பதவி இது. அதே சமயத்தில்தான் மெட்ரிக் பள்ளிகள் இயக்ககமும் தனியார் பள்ளிகள் இயக்ககமாக மாறியது. வாயால் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனியார் பள்ளியிடம் நேராக ஆர்டிஐ கேட்க முடியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். பள்ளியிடம் ஏன் கேட்க வேண்டும்? ஆணையின் நகல் அரசு அலுவலகத்தில்தானே இருக்கிறது. அதே மனுவில் இன்னொரு வரி சேர்த்து, பள்ளியின் அங்கீகார ஆணை நகலையும், அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு இந்தச் சான்றுகளைப் பார்ப்பதில் கெடுபிடி கூடியது. புதுப்பிக்காமல் ஓடும் பள்ளி உங்களிடம் உரத்த குரலில் பேசாது.

இனி உங்கள் கணக்கு. இதுவரை நீங்கள் கட்டியது 18,500-ம் 9,000-ம் சேர்த்து 27,500. ஆணையில் ஆறாம் வகுப்புக்கு 18,500 என்று இருந்தால் நீங்கள் 9,000 கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். 21,000 என்று இருந்தாலும் 6,500 கூடுதல். அதாவது பாக்கி வைத்திருப்பது நீங்கள் அல்ல, பள்ளி. அப்படியில்லாமல் ஆணையிலேயே 30,000 என்று இருந்தால், மீதி 2,500 உங்கள் கடன்தான். கட்டிவிடுங்கள். அதில் சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

‘ஸ்மார்ட் கிளாஸ் கட்டணத்தில் சேராது, அது தனி வசதி’ என்று பள்ளி வாதாடும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா? வேன் அப்படிப்பட்டது, பையன் சைக்கிளில் வந்தால் வேன் கட்டணம் கிடையாது. ஆனால் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் கட்டாயமாக வாங்குவது, பெயர் ஸ்மார்ட் கிளாஸ் ஆனாலும் ஆக்டிவிட்டி ஆனாலும், கல்விக் கட்டணம்தான். விருப்பத்துக்கு விட்டதாக இருந்தால் அதற்காக ஏன் டிசியைப் பிடித்து வைக்க வேண்டும்?

துண்டுச் சீட்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். டைரியில் எழுதி அனுப்பிய குறிப்பு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த நினைவூட்டல், வாய்ஸ் மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். இனி ரொக்கமாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். ஜிபேயில் கட்டச் சொன்னால், பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பள்ளியோ டிரஸ்டோ இல்லாமல் தனி ஆள் பெயர் வந்தால், அந்தத் திரையையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

டிசிக்கு வருவோம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தெளிவாகவே சொல்லிவிட்டது: மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் ‘பாக்கி உண்டு’ என்று எழுதவும் கூடாது. பாக்கி இருந்தால் பள்ளி சட்டப்படி தனியாக வசூலித்துக்கொள்ளலாம். குழந்தையை நடுவில் நிறுத்தக் கூடாது. உங்கள் மகள் விஷயத்தில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு டிசி வரத் தாமதம் என்பதைக் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. டிசி இல்லாமலே சேர்த்துவிட்டு, பிறகு வாங்கித் தரலாம்.

பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். டிசி என்பது இப்போது வெறும் காகிதம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பழைய பள்ளி உங்கள் மகளின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து ‘காமன் பூல்’ என்னும் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். அப்போதுதான் புதிய பள்ளி அவளைத் தன் பட்டியலில் ஏற்ற முடியும். காகிதத்தைக் கொடுத்துவிட்டு எமிஸில் விடாமல் இழுத்தடிக்கும் பள்ளிகள் உண்டு. எனவே டிசியை வாங்கிய கையோடு, புதிய பள்ளி அலுவலகத்தில் அவளுடைய எமிஸ் எண்ணைக் கொடுத்துப் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அன்றே மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

புதிய பள்ளியும் தனியார் என்றால் ‘சின்னதாக ஒரு டெஸ்ட் வைக்கிறோம்’ என்பார்கள். எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. அதனால்தான் அதற்கு ‘இன்டராக்ஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பள்ளியாக இருந்தால் இந்த வாதம் எடுபடாது.

இப்போது மகன். டிசம்பரிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் என்பது உங்கள் பள்ளியின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல, நம்மூர் வாடிக்கை. ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை, யாரும் மார்க் கேட்கப் போவதில்லை. பத்தில் சென்டம் எடுத்தால் வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கலாம். பதினொன்றிலும் இதே கதைதான் நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மாநிலக் கல்விக் கொள்கை வந்ததும் 2025-26-லிருந்து அது நீங்கிவிட்டது. மாணவர்களுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை இனி பெற்றோர் தலையில்தான்.

பாடத்தைத் தாண்டிப் போவதால் என்ன நஷ்டம் என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆயத்தொலை வடிவியலில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு, நடுப்புள்ளி, பிரிவுச் சூத்திரம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பில். பத்தாம் வகுப்பு அவை தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக முக்கோணத்தின் பரப்பு, சாய்வு, நேர்கோட்டின் சமன்பாடு என்று போய்விடும். சைன், காஸ் என்றால் என்ன என்பது ஒன்பதில், முற்றொருமைகளும் உயரம்-தொலைவுக் கணக்குகளும் பத்தில். வேதியியலில் வேதிப்பிணைப்பு ஒன்பதோடு சரி, பத்தில் அதற்குத் தனிப் பாடமே கிடையாது. ஒன்பதில் விட்ட பையன் பத்தில் வினைகளை மனப்பாடம் செய்து தப்பிப்பான், பதினொன்றில் மாட்டிக்கொள்வான்.

உங்கள் மகனின் கணக்கு நோட்டை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். புள்ளியியல், நிகழ்தகவு இரண்டும் புத்தகத்தின் கடைசிப் பாடங்கள். அவற்றுக்கு நோட்டில் எத்தனை பக்கம் இருக்கிறது? ஒரே தேதியில் இரண்டு பயிற்சிகள் முடிந்திருந்தால், கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்டதுதான், நடத்தியதல்ல. விட்டுப்போனவற்றைக் குறித்துக்கொண்டு கோடை விடுமுறையில் முடித்துவிடுங்கள். விடுமுறை ஸ்பெஷல் கிளாஸ் என்று கூப்பிட்டால், இதைச் சொல்லியே ஒரு மாதம் கேட்டு வாங்குங்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். போர்ஷனை ஓட்டச் சொல்லி மேலிருந்து வரும் நெருக்கடி அவருக்கும் பிடித்திருக்காது.

மகனை ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன் என்றால், பத்தாம் வகுப்பில் புதிய பள்ளி, புதிய ஆசிரியர்கள் என்று பழகுவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். பத்தாம் வகுப்பில் வெளிப் பிள்ளைகளைச் சேர்க்கத் தனியார் பள்ளிகளும் யோசிக்கும், தங்கள் தேர்ச்சி விகிதத்தை நினைத்து. பதினொன்றில் எப்படியும் குரூப் பார்த்து மாறப்போகிறான். ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம்.

மகன் அங்கேயே இருப்பதால், புகாரைக் கொஞ்சம் நிதானமாகக் கையாள வேண்டும். சட்டப்படி கூடுதல் கட்டணம் வாங்கினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு, வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டும். காகிதத்தில் இவ்வளவு கடுமை இருந்தும், இதற்காக ஒரு தாளாளர் கம்பி எண்ணியதாக நான் கேள்விப்பட்டதில்லை. துறை நோட்டீஸ் அனுப்பும், விளக்கம் கேட்கும், பள்ளி இறங்கி வரும், நடைமுறையில் அவ்வளவுதான். அதனால் டிசிக் கடிதத்தையும் கட்டணப் புகாரையும் ஒரே உறையில் போடாதீர்கள். முதலில் மகளின் டிசி கைக்கு வரட்டும். கட்டணப் புகாரை நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் மகன்மேல் கோபம் திரும்பும் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். கட்டணத்துக்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினாலோ, பெயரைச் சொல்லி எழுப்பினாலோ மட்டும் பொறுமை வேண்டாம். அன்றே கல்வி உதவி எண் 14417-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன் செய்யுங்கள்.

டிசிக் கடிதத்தைத் தலைமையாசிரியர் அல்லது முதல்வர் பெயருக்கு எழுதுங்கள், தாளாளருக்கு நகல். இவ்வளவு போதும்:

‘தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்த என் மகள் (பெயர், எமிஸ் எண்) வேறு பள்ளியில் சேர இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் வழங்கி, எமிஸ் தளத்திலும் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் தொடர்பாகக் கருத்து வேறுபாடு இருப்பின், கட்டண நிர்ணயக் குழுவின் ஆணைப்படி எழுத்துமூலம் தெரிவித்தால் தனியே பதில் அளிக்கிறேன். பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்தக் கூடாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.’

நேரில் கொடுத்தால் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரம் பாருங்கள். டிசி வரவில்லை என்றால் அந்த ரசீதின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் நேரில் போய் மனு கொடுங்கள், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு பிரதி. மகளை அதற்குள் புதிய பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிடலாம்.