கறுப்பு மைக்குள் இருப்பதைச் செயற்கை நுண்ணறிவு படித்துச் சொல்லுமா?

பறக்கும் தட்டுகள் குறித்து அமெரிக்க அரசு கறுப்பு மை பூசி வெளியிட்ட ஆவணங்களில், மறைந்துள்ள சொற்களைச் செயற்கை நுண்ணறிவு மீட்டுத் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்து, வந்த விடையில் மெய்சிலிர்த்த பிறகே இங்கு வந்திருப்பீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் சோதனைக்கு எடுத்தது, அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் அதிகாரி யூஜின் யேட்ஸ் 1980இல் நீதிமன்றத்தில் அளித்த 21 பக்கப் பிரமாணப் பத்திரம். பறக்கும் தட்டுக் கோப்புகளைக் கேட்டு ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், நீதிபதி கெர்ஹார்ட் கெசல் அதைத் தனியே படித்துவிட்டு, முகமைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பின்னர் வெளிவந்த படியில் பக்கம் பக்கமாகக் கறுப்பு. பல ஆண்டுகள் கழித்து அதே பத்திரம் மிகக் குறைந்த மறைப்புகளுடன் மீண்டும் வெளியானது. வினாவோடு விடையின் பெரும்பகுதியும் கையில் கிடைக்கும் இத்தகைய ஆவணம் அரிது.

முதலில் வெளிவந்த படியை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, மறைந்த வரிகளை நிரப்பச் சொன்னேன். அலுவலக நடை சற்றும் பிசகாமல், ரேடாரில் தெரிந்த பொருளின் வேகம், விமானிகளின் திகைப்பு என்று அழகாக எழுதித் தந்தது. இரண்டாம் படியைத் திறந்து பார்த்தால், அந்த இடங்களில் பெரும்பாலும் வேற்று நாட்டுத் தகவல் தொடர்புகளை முகமை இடைமறித்துக் கேட்டது பற்றிய பேச்சே இருந்தது. மறைக்கப்பட்டது வானத்தில் பறந்த பொருள் அன்று, அதைப் பற்றி முகமை கேள்விப்பட்ட வழி. இரண்டாம் படியும் அதற்குக் கற்பிக்கப் பயன்பட்ட பயிற்சித் தரவில் இருந்திருக்கலாமே என்று சிலர் குறுக்கிடுவார்கள். இருந்தும் தவறியது என்றால் நிலைமை இன்னும் மோசம். வேற்றுக்கிரகவாசிகள் இல்லை என்று நான் வாதிடவும் இல்லை. சொற்களை ஊகித்து நிரப்பும் ஒரு கருவியின் கற்பனையைச் சான்று என்று யாரும் காணொளி போட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆயினும் அக்கருவியை நான் கைவிடவில்லை. கறுப்புப் பட்டையின் ஓரத்தில் அச்சாகும் விலக்குக் குறியீடுகளை, அதாவது மறைத்ததற்கான காரணத்தைச் சுட்டும் குறிகளை, இப்போது அதைக் கொண்டு தொகுக்கிறேன். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி பி-1 என்றால் தேசப் பாதுகாப்பு, பி-3 என்றால் வேறொரு சட்டத்தின் தடை, பி-6 என்றால் தனிமனித அந்தரங்கம். ஒரே ஆவணம் வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான படிகளை வரிக்கு வரி ஒப்பிடவும் அது உதவுகிறது. மங்கிய தட்டச்சுப் பக்கங்களில் எண்களைத் தவறாகப் படித்துவிடுவதால், ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு நானே சரிபார்க்கிறேன்.