நியூட்ரானைத் தட்டிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது: கேள்வி பதில்

வேகமாக வரும் அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானையோ புரோட்டானையோ பறிக்கும் வினைகள், அவற்றைக் கணக்கில் பிடிக்கும் மாதிரிகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

பிளஸ் டூ மாணவர்: சார், கருவிலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிட்டால் அது எங்கே போகும்? அதை எப்படிப் பிடிப்பீர்கள்?

பெரும்பாலும் பிடிப்பதே இல்லை தம்பி. மிஞ்சியதைத்தான் பார்க்கிறோம். பெரிலியம்-11 ஒரு நல்ல உதாரணம். அதன் கடைசி நியூட்ரானைப் பிரிக்க 0.5 MeV (மெகா எலக்ட்ரான்-வோல்ட், ஆற்றலின் அலகு) போதும். சாதாரணக் கருக்களில் 8 MeV அளவு வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்தக் கருவை ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் மெல்லிய பெரிலியத் தகட்டின் மேல் செலுத்தினார்கள். நியூட்ரானை இழந்த பெரிலியம்-10 கிட்டத்தட்ட அதே வேகத்தில் முன்னே போகும். அதன் உந்தத்தைக் காந்த நிறமாலைமானி அளக்கும்.

கருவோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால், நியூட்ரான் ஒரு பக்கம் ஓடும்போது மீதிக் கரு அதே உந்தத்தில் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நியூட்ரானைப் பறித்தால், அந்தக் கணத்து உந்தம் மீதிக் கருவிடம் அப்படியே தங்கிவிடும். சாதாரணக் கருவில் இந்த உந்தப் பரவலின் அகலம் 200 MeV/c-ஐ (c ஒளிவேகம்; இது உந்தத்தின் அலகு) ஒட்டி இருக்கும். பெரிலியம்-11-இல் ஏறக்குறைய 45-தான். உந்தம் குறுகினால் இடம் விரிய வேண்டும் என்பது ஹைசன்பெர்க் கணக்கு. அதாவது அந்த நியூட்ரான் கருவுக்கு வெளியே வெகுதூரம் பரந்து கிடக்கிறது. கருவுக்குள் நியூட்ரான்கள் நிரம்பும் ஆற்றல் நிலைகளைக் கூடுகள் என்போம்; பாடப்புத்தக வரிசைப்படி p கூட்டில் இருக்க வேண்டியது, s கூட்டில் இருக்கிறது.

எம்.எஸ்சி. மாணவி: கணக்கில் கரு நேர்கோட்டில் போவதாக வைக்கிறார்கள். குவாண்டம் துகளுக்கு இது எப்படிச் சரியாகும்?

நியூக்ளியானுக்கு (அதாவது ஒவ்வொரு புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும்) 100 MeV ஆற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் உந்தமும் சுமார் 444 MeV/c. பத்து நியூக்ளியான் கொண்ட கருவுக்கு அலைநீளத்தை 2π-ஆல் வகுத்தால் 0.044 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) வரும். கருவின் அளவோ சில ஃபெர்மி. அலை இவ்வளவு சிறிதாக இருந்தால் பாதை வளைவதைப் பொருட்படுத்த வேண்டாம். இதுதான் ஈகோனல் தோராயம். மோதல் முடிவதற்கு 10⁻²² நொடிகூட ஆகாது. அதற்குள் உள்ளே இருப்பவை அதிகம் நகராது என்பது இரண்டாவது தோராயம், இதைத் திடீர்த் தோராயம் என்போம்.

அப்புறம் கணக்கு எளிது. மீதிக் கரு இலக்கைத் தாண்டிப் பிழைக்கும் நிகழ்தகவை, நியூக்ளியான் பிழைக்காத நிகழ்தகவால் பெருக்கி, மோதல் தூரம் (கருவின் பாதை இலக்கின் மையத்திலிருந்து விலகும் அளவு) முழுதும் கூட்டுங்கள். இலக்கு நியூக்ளியானை விழுங்கிவிடும் வகை இது. இலக்குக்கு ஒன்றும் ஆகாமல் நியூக்ளியான் பிய்ந்து போகும் வகை தனி. அதையும் சேர்க்க வேண்டும். கேரம் போர்டில் ஓரக் காயை உரசி எடுக்கிற மாதிரிதான். நடுவில் அடித்தால் மீதிக் கருவும் சிதறிப்போகும். அதனால் இந்த வினைக்குத் தெரிவது நியூக்ளியானின் அலைச்சார்பின் வால், அதாவது கருவின் ஓரத்துக்கு வெளியே நீளும் பகுதி, மட்டுமே. பலர் இதை மறந்துவிட்டுக் கருவின் உள்ளே நடப்பதையெல்லாம் இதிலிருந்து சொல்லப் பார்க்கிறார்கள்.

ஒரு பொறியாளர்: இலக்கு ஏன் எப்போதும் பெரிலியம்?

எப்போதும் இல்லை, கார்பனும் உண்டு. மின்சுமை குறைவு என்பதால் கூலூம் விசையால் பிய்வது சொற்பம். பெரிலியம்-9-க்குச் சிதையாமல் நிற்கும் கிளர்நிலை (கூடுதல் ஆற்றல் ஏறிய நிலை) ஒன்றுகூடக் கிடையாது. கணக்கிடுகிறவருக்கு ஒரு தலைவலி குறைவு.

ஆய்வு மாணவர்: ஐயா, ஆழமாகக் கட்டுண்ட நியூட்ரானை நீக்கும் வினையில், ஆய்வில் அளந்த குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) என் கணக்கில் 0.3 பங்குதான் வருகிறது. நிரலில் தவறா?

நிரலைப் பாருங்கள், ஆனால் பயப்படாதீர்கள். ஆர்கான்-32-இல் இதே கதைதான்: அளந்தது கணக்கில் கால் பங்கு. கேட், டோஸ்டெவின் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் பல கருக்களை ஒரே படத்தில் போட்டார்கள். தளர்வாகக் கட்டுண்ட நியூக்ளியானுக்கு, அளந்ததைக் கணக்கிட்டதால் வகுத்த விகிதம் 1-ஐ ஒட்டி நிற்கிறது. இறுக்கம் கூடக் கூடச் சரிகிறது. நிலையான கருக்களில் எலக்ட்ரான் மோதல் இதே விகிதத்தை 0.6, 0.7 என்று தந்தது, ஷெல் மாதிரியில் (கருவைக் கூடுகளாகப் பார்க்கும் மாதிரி) சேராத, நியூக்ளியான்களுக்கு இடையிலான தொடர்புகள்தான் காரணம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். கால் பங்குக்கு அந்தச் சமாதானம் போதாது.

சிக்கல் என்னவென்றால், அதே ஆர்கான் குடும்பத்தில் நியூட்ரானை இலக்குப் புரோட்டானிடம் மாற்றும் வினையில் பார்த்தபோது (2010) இப்படிச் சரிவு தெரியவில்லை. ஆக்சிஜன் ஐசோடோப்புகளில் புரோட்டான் இலக்கால் புரோட்டானைத் தட்டிய ஜெர்மனி ஆய்விலும் (2018) சரிவு மிதம்தான்.

அதே மாணவர்: அப்படியானால் எதை நம்புவது?

கருவைச் சந்தேகிக்கும் முன் வினை மாதிரியைச் சந்தேகிப்பேன். இருபது MeV இறுக்கத்தில் இருக்கும் நியூட்ரானைப் பிடுங்கும் சக்தி எங்கிருந்தோ வர வேண்டும். திடீர்த் தோராயம் அந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை. ஆக்சிஜன்-14-ஐ வைத்து நியூக்ளியானுக்கு 53 MeV-இல் செய்த ஆய்வில் உந்த வளைவு ஒரு பக்கம் இழுபட்டு, தாழ்ந்த பக்கம் நீண்ட வால் விட்டது. ஈகோனல் கணக்கு தருவதோ சமச்சீர் வளைவு.

உங்கள் தரவில் உந்த வளைவு இருந்தால் அந்த வாலை முதலில் பாருங்கள். அப்புறம் நியூட்ரானைக் கட்டிவைக்கும் ஆற்றல் கிணற்றின் ஆரத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அலைச்சார்பின் வாலை மட்டும் பார்க்கும் வினை என்றேனே, ஆரம் லேசாகக் கூடினாலே கணக்கிட்ட குறுக்குவெட்டு ஏறும். ஆரத்தை எந்த ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கிலிருந்து (ஒவ்வொரு நியூக்ளியானும் மற்றவற்றின் சராசரிப் புலத்தில் இருப்பதாகக் கொள்ளும் முறை) எடுத்தீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.