தாங்கியில் துளை, பலகையில் வட்டம்

கேள்வி: 1000 லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கியில் 1 அங்குலக் குழாய்க்குத் துளை போட வேண்டும். பல அளவுகள் அடங்கிய ஹோல்சோ (ட்ரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் பல்வளையம்) பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம். மலிவுப் பெட்டிகளில் வருபவை மெல்லிய தகட்டு வளையங்கள். கொஞ்சம் அழுத்தினாலே நெளியும். உங்களுக்குத் தேவை ஓர் அளவுதான். அந்த அளவில் நல்ல பைமெட்டல் (இருவகை உருக்கு சேர்ந்த) ஹோல்சோ ஒன்றும் அதைப் பிடிக்கும் ஆர்பரும் போதும்.

அளவில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். 1 அங்குலம் என்பது பெயருக்குத்தான். 1 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவுமுறை) மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 33 மி.மீ. அதற்கு 35 மி.மீ. ஹோல்சோ சரி. தாங்கிச் சுவரில் குழாயைப் பொருத்தும் டாங்க் கொனெக்டர்கள் சிலவற்றின் உடல் இதைவிடத் தடிப்பாக இருக்கும். ஆகவே கொனெக்டரை முதலில் வாங்கி, வேர்னியர் அளவுகருவியால் அளந்து, அதைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடிய ஹோல்சோவைக் கேளுங்கள். 25 மி.மீ. துளை போட்டு அரத்தால் பெருப்பிக்கப் போனால் துளை முட்டை வடிவாகும், பிறகு கசிவை நிறுத்தவே முடியாது.

தாங்கியில் மட்டமான இடத்தில் குறியிட்டு, ட்ரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். நடுத் துளை விழுந்ததும் ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டால் பற்கள் கடிக்காமல் ஒரு வட்டக் கோடு கீறும். அதன்பின் முன்பக்கமாக, மெதுவாக அழுத்துங்கள். சீவல் சுருள் சுருளாக வரும்வரை நல்லது. இழுபட்டுப் பற்களில் ஒட்டினால் பிளாஸ்டிக் உருகுகிறது, நிறுத்தி ஆறவிடுங்கள். கிரைண்டரில் ஹோல்சோவை மாட்டவே கூடாது, அதன் வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல்.

துளையின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படும் பிசிறைக் கத்தியால் சீவாவிட்டால் றப்பர் வாஷர் படியாது, சொட்டும். கொனெக்டரைக் கையால் இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்று போதும். தாங்கி பொலித்தீனால் ஆனது; பிவிசி பசை அதில் ஒட்டாது, பூசிப் பயனில்லை. உள்ளே விழுந்த சீவலை முழுதாக அள்ளுங்கள், இல்லையேல் அது குழாயில் போய் அடைக்கும்.

கேள்வி: 18 மி.மீ. பிளைவூட்டில் ஸ்பீக்கருக்கு 7 அங்குல வட்டம் வெட்ட என்ன வாங்கலாம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சாதாரண ஹோல்சோ 6 அங்குலத்தோடு நின்றுவிடும். 4 அங்குலத்துக்கு மேல் கைட்ரில்லில் போட்டாலே, பல் சிக்கும்போது மணிக்கட்டு முறுகும்.

ஒரு பெட்டிதான் என்றால் ஜிக்சோ (மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஆடி வெட்டும் மின்வாள்) போதும். கோட்டுக்கு உட்புறம் 10 மி.மீ. துளை போட்டு, நுண்பல் பிளேட்டை இறக்கி, அவசரப்படாமல் திருப்புங்கள். தள்ளினால் பிளேட் வளைந்து, அடிப்பக்கம் வட்டம் கோணும்.

பல பெட்டிகள் செய்வதென்றால் ரௌட்டர் (வேகமாகச் சுழலும் பிட்டால் பலகையைக் குடையும் கருவி) வாங்குங்கள். அதன் அடித்தட்டில் மெல்லிய பலகைப் பட்டி ஒன்றைப் பூட்டி, அதனூடாக வட்ட மையத்தில் ஆணி அடியுங்கள். ஆணியிலிருந்து 6 மி.மீ. பிட்டின் வெளிவிளிம்புவரை 89 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. ஆழம், கடிகாரம் சுற்றும் திசையில். கடைசிச் சுற்றுக்கு முன் நடு வட்டத்தைக் கீழேயுள்ள கழிவுப் பலகையோடு இரண்டு ஸ்குரூவால் பிடியுங்கள். பிடிக்காவிட்டால், வட்டம் கழன்ற கணத்தில் ஆணியும் நகர்ந்து, பிட் விளிம்பைக் கடித்துவிடும்.

வெட்டுமுன் ஸ்பீக்கரைத் திருப்பி அளந்து பாருங்கள். 7 அங்குலம் வெளிச்சட்டத்தின் அளவாக இருந்தால், அதே அளவில் வெட்டிய துளைக்குள் ஸ்பீக்கர் முழுதாக விழுந்துவிடும்.