உபதேசம் போதகருக்கு, அன்பு எனக்கா?

கேள்வி: கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப் பிரமாணத்தை வாரம் தவறாமல் ஆராதனையில் சொல்கிறேன். படைப்பு, பாவம், தேவன் மனிதனாக வந்த மனுவுருவெடுத்தல், உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் நம்புகிறேன். ஆனால் திங்கட்கிழமை அலுவலகம் போனால் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் மீது எரிந்து விழுகிறேன். பணத்தைப் பற்றி எல்லோரையும் போலத்தான் கவலைப்படுகிறேன். இந்த உபதேசங்கள் மனிதனின் உலகப் பார்வையையே மாற்றும் என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்றும் மாறவில்லையே! உபதேசமெல்லாம் போதகர்களுக்கு இருக்கட்டும், எங்களுக்கு அன்பு ஒன்று போதாதா?

பதில்: உங்களுக்கும் ஒரு உலகப் பார்வை இருக்கிறது, ஐயா. அது இல்லாத மனிதனே கிடையாது. ஆனால் நீங்கள் ஞாயிறுதோறும் சொல்கிற பிரமாணத்திலிருந்து அது வந்ததாகத் தெரியவில்லை. ஒருவன் எழுந்து நின்று அறிக்கையிடுவதைவிட, யோசிக்காமல் செய்கிற காரியங்களில்தான் அவனுடைய நம்பிக்கை வெளிப்படும்.

எகிப்தில் ஒரு பழைய பாப்பிரஸ் கடிதம் கிடைத்தது. கி.மு. 1-ஆம் ஆண்டில் எழுதியது. வேலைக்காக அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்த இலாரியோன் என்பவன், ஊரில் கர்ப்பமாக இருக்கும் ஆலிசுக்கு எழுதுகிறான். கவலைப்படாதே, குழந்தையைப் பார்த்துக்கொள், கூலி கைக்கு வந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்கிறான். என்னை மறந்துவிடாதே என்று சொல்லியனுப்பினாயாமே, உன்னை எப்படி மறப்பேன் என்று உருகுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வரி வருகிறது: பிறப்பது ஆணானால் இருக்கட்டும், பெண்ணானால் வெளியே போட்டுவிடு.

அவனிடம் அன்புக்குப் பஞ்சமில்லை என்பதைக் கவனியுங்கள். கூலியை அனுப்புவது எப்படியோ, பெண் குழந்தையைத் தூக்கிப் போடுவதும் அவனுக்கு அப்படியே, வீட்டுக் காரியங்களில் ஒன்று. மனித உயிருக்கு என்ன மதிப்பு என்று அவனுடைய உலகம் சொல்லிக்கொடுத்திருந்ததோ, அதை அவன் யோசிக்காமல் செய்தான். அதே பேரரசில் வாழ்ந்த யூதர்கள் பிறந்த குழந்தையை எறிவதைப் பாவம் என்றார்கள். கிறிஸ்தவர்களும் அதே வழியில் போனார்கள். ஆதித் திருச்சபையின் கைநூலான திதாகே, பிறந்த சிசுவைக் கொல்லாதே என்று நேரடியாகவே கட்டளையிடுகிறது. இலாரியோனைவிட இவர்களுக்கு மனம் மென்மை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆதியாகமம் 1:27 இவர்கள் கையில் இருந்தது. தேவசாயல் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு என்று அந்த வசனம் சொல்கிறது. அப்படியானால் எதைத் தூக்கி வெளியே போடுவது?

ஆக, உபதேசம் பார்வையை மாற்றும். ஆனால் தானாக மாற்றாது, இதுதான் உங்கள் சிக்கல். 4-ஆம் நூற்றாண்டில் நிசா நகர ஆயர் கிரெகோரி பிரசங்கி புத்தகத்தைப் பிரசங்கித்துக்கொண்டு வந்தபோது, அடிமைகளை வாங்கினேன் என்ற வசனத்தில் நின்றுவிட்டார். தேவனுடைய சாயலுக்கு என்ன விலை கொடுத்தாய், எத்தனை காசு என்று அடிமை வைத்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். அதே ஆதியாகமத்தை வாசித்து, அதே பிரமாணத்தை அறிக்கையிட்ட கிறிஸ்தவர்கள் அதற்குப் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் அடிமைகளை விற்றார்கள், வாங்கினார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது 1807-இல்தான். அதற்காகப் போராடியவர்களும் பைபிளைக் காட்டினார்கள், எதிர்த்தவர்களிலும் பைபிளைக் காட்டியவர்கள் உண்டு. உதட்டில் பிரமாணம், கையில் சாட்டை என்பது பழைய வியாதி. உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் உபதேசத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று பாருங்கள். கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்ற பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் இறையியல் மாணவர்களுக்காக எழுதப்பட்டதில்லை. நானா நீயா என்று முட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சபைக்கு எழுதியது. இரண்டு அதிகாரம் தள்ளி எயோதியாள், சிந்திகேயாள் என்று பெயர் சொல்லியே இரண்டு பெண்களை ஒத்துப்போகச் சொல்கிறார். 1 கொரிந்தியர் 15 உயிர்த்தெழுதலைப் பற்றிய நீண்ட அதிகாரம். மரணமே, உன் கூர் எங்கே என்று உச்சத்துக்குப் போகிறது. உங்கள் பிரயாசம் விருதாவாகாது என்று முடிகிறது. அடுத்த வசனம் என்ன தெரியுமா? தர்மப்பணம் வசூலிப்பது பற்றி! அதிகாரப் பிரிவுகள் பவுல் போட்டவை அல்ல, அவருக்கு அது ஒரே மூச்சு. கல்லறை காலி என்றால் சேர்த்து வைப்பதின் மேல் இருக்கும் பிடி தளரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் ஈஸ்டர் பாட்டைப் பாடிவிட்டு வங்கிக் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறீர்கள்.

பாவத்தைப் பற்றிய உபதேசமும் அப்படியே. அந்தப் பணத்தை எடுத்துச் செல்லும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடமிராதபடிக்குப் பவுல் மற்றவர்களையும் கூட அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8). எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்று எழுதியவர், தன்னை மட்டும் விலக்கி வைக்கவில்லை. கணக்குக் கேட்டாலே “என்னை நம்பவில்லையா?” என்று முகம் சிவக்கிற சபைத் தலைவர்கள் எந்தப் பிரமாணத்தைச் சொல்கிறார்களோ, எனக்குத் தெரியாது. சரி, அது வேறு கதை.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். நாவினாலே பிதாவைத் துதிக்கிறோம், தேவசாயலில் உண்டான மனுஷரை அதே நாவினாலே சபிக்கிறோம் என்கிறார் யாக்கோபு. இதைவிட உங்களுக்கென்று எழுதிய வசனம் வேறு கிடையாது. படைப்பு உபதேசத்தை அவர் வானசாஸ்திர விவாதத்துக்குக் கொண்டுபோகவில்லை, உங்கள் வாய்க்குத்தான் கொண்டுவந்தார். எரிந்து விழுவது சுபாவம், முன்கோபம் என்று சமாளிக்கலாம். உங்கள் மேலதிகாரியிடம் அந்த முன்கோபம் வருகிறதா? வராது. அப்படியென்றால் மனிதனின் மதிப்பு அவனுடைய பதவியில் இருக்கிறது என்பதுதான் உங்கள் நிஜமான பிரமாணம். அதை யாரும் ஆராதனையில் சொல்லித்தரவில்லை, ஆனாலும் மனப்பாடமாக இருக்கிறது.

அப்புறம், அன்பு போதாதா என்ற கேள்வி. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்ற வசனத்தை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். அது 1 யோவான் 4:8. கொஞ்சம் மேலே போய் 2, 3-ஆம் வசனங்களையும் படியுங்கள். இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கையிடாத போதகத்தைத் தள்ளச் சொல்கிறார் யோவான், அதுவும் கறாராக. அவருக்கு உபதேசமும் அன்பும் இரண்டு கட்சிகள் அல்ல. தேவன் நிஜமான உடலெடுத்து, பசித்து, களைத்து, செத்தார் என்பதை எடுத்துவிட்டால், 9, 10-ஆம் வசனங்களில் அவர் அன்புக்குக் காட்டுகிற ஆதாரமே போய்விடும். மிஞ்சுவது நல்லெண்ணம். இலாரியோனிடமும் அது இருந்தது.