யானைமலைக்கு ஆடம்ஸ், கண்மாய்க்குக் கென்னா

கறுப்பு-வெள்ளை நிலக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஆன்சல் ஆடம்ஸ், மைக்கேல் கென்னா ரெண்டு பேரையுமே பிடிக்குது, மதுரை யானைமலையை யாரோட பாணியில ஃபோட்டோ எடுக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. யோசிக்கவே வேணாம், ஆடம்ஸ்தான். 1932-ல எஃப்/64-ங்கிற ஃபோட்டோகிராஃபர் குழுவை ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். காலடிக் கல்லுலேர்ந்து தூரத்து மலை வரைக்கும் எல்லாம் துல்லியமா விழணும்ங்கிறது அவங்க கொள்கை. யானைமலையில மழைத்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு விழுந்த கறுப்புக் கோடுங்க இருக்கே, அந்த மலையோட அழகே அதுதான்! சாய்வெயில் பாறையை உரசுற நேரமாப் பார்த்து, ட்ரைபாட் போட்டு, லென்ஸ் துளையை எஃப்/11-ல வச்சு எடுங்க (எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்). அந்தக் குழுவுக்குப் பேர் கொடுத்த எஃப்/64 எல்லாம் பெரிய ஷீட் ஃபிலிம் கேமராவுக்கு. நம்ம டிஜிட்டல்ல எஃப்/16-ஐத் தாண்டினா கூர்மை குறைய ஆரம்பிச்சிடும்.

கென்னா நேரெதிர். நிமிஷக்கணக்கா, சில படத்துக்கு மணிக்கணக்கா ஷட்டரைத் திறந்து வச்சு, தண்ணியை அலையே இல்லாம மழுக்கிடுவார். படத்துக்குள்ள மிஞ்சுறது ஒண்ணு ரெண்டு உருவம்தான். அதுக்கு மலை தேவையில்ல, நிறைஞ்ச கண்மாயும் தண்ணிக்குள்ள நிக்கிற ஒத்தக் கருவேலமரமும் போதும். லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்தை வெகுவாக் குறைக்கிற பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு, காத்தடிக்காத காலையில ரெண்டு நிமிஷம் திறந்து பாருங்க. மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடி தாமரைக்குளத்துல மட்டும் இதைச் செய்யாதீங்க. லேசாக் காத்தடிச்சாலே இலையும் பூவும் அசைஞ்சு கலங்கிடும்.