பண்டிகைக்குக் கொடுக்க வீட்டிலேயே ஃபட்ஜ்: குன்னூரிலிருந்து கேள்வி பதில்

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அக்கம்பக்கத்தில் கொடுப்பதற்காக நான் ஃபட்ஜ் கிளற ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. வீடு குன்னூரில், ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில். இந்த உயரமும் இங்கே இருக்கிற ஈரமும் இனிப்பின் பதத்தை எப்படியெல்லாம் மாற்றும் என்று கைபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் மலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, ஃபட்ஜும் ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டும் ஒன்றுதானா? முதல் தடவை செய்கிறேன், சுலபமான அளவு சொல்லுங்கள்.

இரண்டும் வேறு வேறு. ஹோம்மேட் சாக்லேட் என்பது சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றுவது. ஃபட்ஜ் பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த இனிப்பு. நம் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடம் அமெரிக்கா. 1888-இல் வாசர் கல்லூரி மாணவி ஒருவர் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் செய்ததாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார்.

முதல் தடவைக்குக் கண்டென்ஸ்டு மில்க் முறையே போதும். சுமார் 400 கிராம் டின் ஒன்று, டார்க் சாக்லேட் 400 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மற்றவற்றோடு அடிகனமான பாத்திரத்தில் ஒன்றாகவே போட்டு, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக் கிளறுங்கள். முக்கால் பங்கு கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். வெனிலா ஒரு டீஸ்பூன் விட்டு, வெண்ணெய் தடவிய பட்டர் பேப்பர் விரித்த ஏழு அங்குலச் சதுரத் தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள். நம் ஊர் டிசம்பர் குளிருக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், ராத்திரி முழுக்க மேசை மேல் இருந்தால் போதும். காலையில் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் ஓர் அங்குலத் துண்டு 49 வரும். மில்க் சாக்லேட்டாக இருந்தால் 500 கிராம் போடுங்கள், இல்லாவிட்டால் துண்டு நிற்காது.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்: சர்க்கரைப் பாகு காய்ச்சும் பழைய முறையில் செய்தேன். குறிப்பில் சொன்னபடி தெர்மாமீட்டரில் 114 டிகிரி வந்ததும் இறக்கினேன். ஆறியதும் கல்லாகிவிட்டது. எங்கே தப்பு?

உங்கள் மேல் தப்பே இல்லை. அந்தக் குறிப்பு கடல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு எழுதியது. நானும் முதல் வருடம் இதே 114-ஐ நம்பி ஒரு கிலோ சர்க்கரையை வீணாக்கினேன். சுத்தியல் எடுத்து உடைக்க வேண்டியதாயிற்று.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. எங்கள் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது, உங்கள் கொடைக்கானலில் 93. பாகுக்கும் இதே கதைதான். கீழே 112-இலிருந்து 116 டிகிரிக்குள் வரும் உருட்டுப் பதம், உங்களுக்கு 105-இலிருந்து 109-க்குள்ளேயே வந்துவிடும். நீங்கள் 114 வரை விட்டபோது தண்ணீர் அளவுக்கு மீறி வற்றி, பாகு அடுத்த பதத்துக்குப் போய்விட்டது. அதனால் ஃபட்ஜ் செய்யும் அன்று முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். நூறுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனையையும் குறிப்பிலிருந்து கழித்துவிடுங்கள். தெர்மாமீட்டரே கொஞ்சம் பிசகாகக் காட்டினாலும் இதில் அதுவும் சரியாகிவிடும்.

அப்புறம், அதிரசத்துக்குப் பாகு பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். கிண்ணத்துக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டால் அது கரையாமல் அடியில் போய்த் தங்க வேண்டும். விரலால் கூட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும். வெளியே எடுத்து வைத்தால் மெல்லத் தட்டையாகிவிட வேண்டும். அதுதான் பதம். எந்த உயரத்திலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. நான் இப்போதும் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் இறக்குவது தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துத்தான்.

அரவங்காட்டிலிருந்து ஒருவர்: எனக்குக் கல்லாகவில்லை, ஆனால் ரவை மாதிரி நறநறவென்று இருக்கிறது.

சூடாக இருக்கும்போதே கிளறியிருப்பீர்கள். பாகு சூட்டில் அசைந்தால் சர்க்கரை பெரிய பெரிய மணியாகக் கட்டும். இறக்கியதும் மேலே வெண்ணெயைப் போட்டுவிட்டுத் தொடாமல் விடுங்கள். பாத்திரத்தின் அடியை உள்ளங்கையில் தாங்க முடிகிற சூட்டுக்கு, அதாவது 45 டிகிரிக்குப் பக்கத்தில் வந்த பிறகு மரக்கரண்டியால் அடிக்கத் தொடங்குங்கள். முதலில் கண்ணாடி போல் பளபளக்கும். பத்து நிமிடத்தில் கரண்டி கனக்கும், கரண்டி போன தடம் மூடாமல் நிற்கும், பளபளப்பு மங்கி வெல்வெட் துணி மாதிரி ஆகும். அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும், தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். இன்னொன்று, கொதிக்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சர்க்கரையை ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். அதில் ஒரு மணி உள்ளே விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் மணி கட்டும். ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுகோஸ் சேர்த்தால் இந்தக் கவலை பாதியாகும்.

ஊட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கண்டென்ஸ்டு மில்க் முறையில் செய்தேன், எண்ணெய் தனியாக மிதக்கிறது. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள் தம்பி. சூடு அதிகமாகிக் கொழுப்பு பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுப்பிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான பால் ஒரு மேசைக்கரண்டி விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விடாமல் கிளறுங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால் இன்னொரு கரண்டி. கொஞ்சம் மென்மையாக வரும், அதை வீட்டில் வைத்துக்கொண்டு மறு தட்டைப் பரிசுக்குக் கொடுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு அக்கா: வெனிலா எல்லோரும் போடுகிறார்கள். நம் ஊர் மணமாக எதைச் சேர்க்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் கூடாது, மணம்தான் உள்ளே போக வேண்டும். ஆரஞ்சு என்றால் சாறு வேண்டாம். இரண்டு கமலா ஆரஞ்சின் தோலில் மேல்பகுதியை மட்டும் துருவிப் போடுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும். ஸ்ட்ராபெரியை அப்படியே நறுக்கிப் போட்டால் இரண்டாம் நாளே நீர் விட்டுப் பூசணம் பிடிக்கும். சர்க்கரை போட்டு நன்றாக வற்றிய ஜாமாக்கி மேலே கோடு போல இழுங்கள். காபிக்கு இன்ஸ்டன்ட் தூள் இரண்டு டீஸ்பூனை ஒரு டீஸ்பூன் வெந்நீரில் குழைத்தால் போதும். சுக்கும் ஏலக்காயும் டார்க் சாக்லேட்டோடு நன்றாகப் போகும்.

தேயிலை ஃபட்ஜ் கொஞ்சம் பொறுமை கேட்கும். கண்டென்ஸ்டு மில்க்கில் இரண்டு மேசைக்கரண்டி இலைத் தேயிலையைப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து, சூடாகவே வடிகட்டுங்கள். இதற்கு வெள்ளைச் சாக்லேட் 500 கிராம். டார்க் சாக்லேட் தேயிலையின் வாசனையை அமுக்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனிக் காலத்தில் பறிக்கிற இலை கிடைத்தால் விடாதீர்கள், அதன் பூவாசம் வாயிலேயே நிற்கும்.

என் வீட்டில் குழந்தைகள் கேட்டு வாங்குவது வர்க்கி ஃபட்ஜ். வர்க்கி என்பது இங்கே பேக்கரியில் விற்கும் மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட். நாலைந்து வர்க்கியைக் கையால் நொறுக்கி, தட்டில் கொட்டுவதற்குச் சற்று முன்னால் கலந்துவிடுவேன். பொடியாக்கக் கூடாது, கடித்தால் படபடவென்று உடைய வேண்டும்.

ஊட்டியிலிருந்தே இன்னொருவர்: ஊட்டி ஸ்பெஷலாக யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விடலாமா?

வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலம் மேலே தடவுவதற்கு. உள்ளே போனால் விஷம், குழந்தைகளுக்குச் சிறிதளவே வலிப்பு வரை கொண்டுபோகும். வலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலமும் அப்படித்தான். பரிசாகப் போகிற பொருளை யார் வீட்டுக் குழந்தை எடுத்துத் தின்னும் என்று நமக்குத் தெரியாது. குளுமை வேண்டுமென்றால் உணவுக்கென்றே விற்கும் பெப்பர்மின்ட் எசென்ஸ் வாங்குங்கள்.

வெலிங்டனிலிருந்து: இதில் முட்டை உண்டா? சைவம்தானே?

நான் சொன்ன இரண்டு முறையிலும் முட்டை கிடையாது. மார்ஷ்மெல்லோ சேர்க்கும் குறிப்புகளை மட்டும் கவனியுங்கள், அதில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத்திலிருந்து எடுப்பது. வாங்கும் சாக்லேட் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா: திருப்பூரில் இருக்கும் மகளுக்கு எடுத்துப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் உருகிவிடுமே?

உருகி ஓடாதம்மா, இளகும். கோகோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரிக்குப் பக்கத்தில். விடியற்காலை பஸ்ஸில் இறங்குங்கள். முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, டப்பாவை நான்கைந்து சுற்று செய்தித்தாளில் சுற்றிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்கக் கூடாது. வெளிச்சூட்டுக்கு வரும் வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் துண்டுகள் மேல் வியர்த்துப் பிசுபிசுக்கும். அங்கே ஃபிரிட்ஜில் மூன்று வாரம் தாங்கும்.

கோத்தகிரி தங்கை மறுபடி: சரி அக்கா, எப்படிக் கட்டிக் கொடுப்பது?

நீலகிரியில் ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அதனால் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். பட்டர் பேப்பரைச் சதுரமாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி இரண்டு முனையையும் முறுக்குங்கள். அட்டைப் பெட்டியில் அடுக்கி, பருத்தி நூலால் கட்டி, செய்த தேதியையும் உள்ளே முந்திரி, பாதாம் ஏதும் இருந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். சிலருக்குக் கொட்டை ஒவ்வாது. தீபாவளி சமயம் இங்கே மழையும் மூடுபனியும்தான், வெட்டிய அன்றே சுற்றிவிடுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டும்.

பழனியிலிருந்து ஒருவர்: வெண்ணெய்க்குப் பதிலாக வீட்டு நெய் விடலாமா?

நீங்கள் கீழே இருக்கிறீர்கள், தாராளமாக விடலாம். 30 கிராம் வெண்ணெய்க்கு 25 கிராம் நெய் போதும், வாசனை பால்கோவா பக்கம் சாயும். மலையில் இருப்பவர்கள் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். குளிரில் நெய் மணல் மணலாக உறைந்து அதுவே நாக்கில் தட்டுப்படும். நான் ஜனவரியில் வெண்ணெய் மட்டும்தான் போடுகிறேன், மே மாதம் பாதிக்குப் பாதி.